அதிகாலை 3.30 மணிக்கே விழிப்பு. அதன் பிறகு உறக்கம் திரும்புவதில்லை. என்ன செய்யலாம்?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 50 வயதைக் கடந்த பெண். அலுவலகப் பணியில் இருக்கிறேன். கடந்த சில மாதங்களாக என் உறக்கத்தில் ஏற்பட்டிருக்கும் ஒரு மாற்றம் என்னை மிகவும் வாட்டுகிறது. படுத்த பின் உறங்குவதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. இரவு 9 மணிக்குப் படுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உறங்கிவிடுகிறேன். ஆனால் அதிகாலை 3.30 மணியளவில், எந்த ஓசையும் இல்லாமலேயே, முழு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு நான் எழ வேண்டிய 6 மணி வரை புரண்டு படுத்தும் உறக்கம் திரும்புவதில்லை. சில நாள்களில் 5.30 மணிக்கு மேல் கண் அயர்கிறது. அப்படி அயர்ந்து எழும் நாள்களில்தான் தலை மிகவும் கனக்கிறது.

முன்பு 10.30 மணிக்குப் படுத்து 5.30 மணிக்கு எழுபவளாக இருந்தேன். இந்தத் தொல்லை தொடங்கிய பிறகு மாலை 7 மணிக்கே கண்கள் சொருகுவதாலும், விழிப்பு எப்படியும் சீக்கிரம் வரப்போகிறது என்பதாலும், இழந்த உறக்கத்தை முன்னிரவிலேயே ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று 9 மணிக்குப் படுக்கத் தொடங்கினேன். விடுமுறை நாள்களில் மதியம் ஒன்றிரண்டு மணி நேரம் உறங்குகிறேன். காலையிலும் 8 மணி வரை படுக்கையில் இருப்பதுண்டு.

விழித்துக் கிடக்கும் அந்த நேரத்தில் மனம் படும் பாடுதான் உடல் சோர்வைவிடக் கொடுமையாக இருக்கிறது. பகலில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய ஒரு வேலை, அந்த நேரத்தில் தீர்க்கவே முடியாத சிக்கலாகத் தெரிகிறது. பழைய பேச்சுகள் நினைவுக்கு வருகின்றன. இடையிடையே கைப்பேசியில் மணி பார்க்கிறேன். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, இப்போது உறங்கினால்கூடப் போதும் என்று கணக்கிடுகிறேன். அந்தக் கணக்கே என்னை மேலும் விழிக்க வைக்கிறது.

விழித்த பின் மீண்டும் உறங்குவதற்கு ஏதேனும் வழி உண்டா? 8 மணி நேரம் உறங்காமல் இப்படியே நாள்கள் போனால் உடலுக்குக் கேடு வருமா? அனுபவம் உள்ளவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கார்முகில் எழுதியது:

வணக்கம், சகோதரி. இதே நிலையில் நெடுநாள் இருந்து மீண்டவன் என்ற முறையிலும், அந்தக் காலத்தில் உறக்கத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். 3.30 மணிக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடையின் பெரும்பகுதி முந்தைய நாள் இரவு 9 மணியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்க, உறக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மை உறங்க வைப்பவை இரண்டு. இந்த விளக்கத்தை அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982ஆம் ஆண்டு முன்வைத்தார். இன்றும் உறக்க அறிவியல் இதன் மீதுதான் நிற்கிறது. முதலாவது, உறக்கத் தேவை. இது பசியைப் போன்றது: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும், உறங்க உறங்கத் தணியும். மூளையில் அடினோசின் என்ற பொருள் பகல் முழுவதும் சேர்ந்துகொண்டே வருவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டாவது, உடல் கடிகாரம். ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில், எப்போது உறக்கத்துக்கு உகந்த வேளை, எப்போது விழிப்புக்கு உகந்த வேளை என்று அது முடிவு செய்கிறது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும்போது இரவு முழுவதும் உறக்கம் தொடர்கிறது.

இரவின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் மென்மையான உறக்கமும் கனவு காணும் உறக்கமும் மிகுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சற்று நேரம் விழிப்பது எல்லோருக்கும் இயல்பு. உறக்கத் தேவை மிச்சம் இருக்கும் வரை, நாம் விழித்ததே நினைவில் நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறோம். அந்தத் தேவை பெரும்பாலும் தீர்ந்துபோன பின்னிரவில், சிறுநீர் முட்டுவது, அறை சற்றுச் சூடாவது, மனத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு கவலை ஆகியவற்றில் எதுவும் அந்த நொடி நேர விழிப்பை முழு விழிப்பாக்கிவிடப் போதுமானது. போதாக்குறைக்கு, உடலை விழிப்புக்கு ஆயத்தப்படுத்தும் கார்ட்டிசால் சுரப்பும் பின்னிரவில் ஏறத் தொடங்குகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 9.30 மணிக்கு உறங்கி 3.30 மணிக்கு விழித்தால் 6 மணி நேரம் உறங்கியிருக்கிறீர்கள். 6 மணி வரை படுக்கையில் இருப்பதால், 9 மணி நேரப் படுக்கையில் 6 மணி நேரம் மட்டுமே உறக்கம். உங்கள் உடல் தற்போது தரக்கூடிய உறக்கத்தை நீங்கள் அகலமான ஒரு நேரத்தின் மீது மெல்லியதாகப் பரப்பியிருக்கிறீர்கள். முன்னிரவில் சீக்கிரம் படுப்பதால் உறக்கத் தேவை சீக்கிரம் தணியத் தொடங்கிச் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. மதிய உறக்கமும் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்தத் தொல்லை முதலில் ஏதோ ஒரு காரணத்தால், ஒரு கவலையாலோ உடல் மாற்றத்தாலோ, தொடங்கியிருக்கலாம். அந்தக் காரணம் மறைந்த பிறகும் அதை நீடிக்கச் செய்வது பெரும்பாலும், ஈடுகட்ட வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் மாற்றங்களே. ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற உளவியலாளர் இதைத்தான் வலியுறுத்தினார். 1987ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முறைதான் எனக்குக் கைகொடுத்தது: படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் உறங்கும் நேரத்துக்கு நெருக்கமாகக் குறைத்துக்கொள்வது.

உங்கள் நிலையில், காலை 6 மணிக்கு எழுவதை விடுமுறை நாள்களிலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, இரவு 11.30 மணிக்கு முன் படுக்கைக்குப் போகாமல் இருப்பதுதான் தொடக்கம். கேட்கும்போது இது முரணாகத் தோன்றும். ஏற்கெனவே களைத்திருக்கும் ஒருவரை இன்னும் இரண்டரை மணி நேரம் விழித்திருக்கச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். ஆனால் சில நாள்களில் உறக்கத் தேவை போதுமான அளவு சேர்ந்துகொண்டு, 3.30 மணியின் அந்தச் சிறு விழிப்பை உங்களையறியாமலேயே கடந்துபோகும் நிலை வரத் தொடங்கும். நாம் வேண்டுவது அதைத்தான்.


தும்பை எழுதியது:

கார்முகில் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் அந்த முறை பலன் தரும் வரை 3.30 மணிகள் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். என் பிழைப்பே இரவு முழுவதும் நோயாளிகளுக்குத் துணையிருப்பது என்பதால், உறக்கமில்லாத பலரின் அருகில் அமர்ந்திருக்கிறேன்.

முதலில், மணி பார்ப்பதை முற்றிலும் நிறுத்துங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். எழுப்பொலி கேட்கும் தொலைவில் இருந்தால் போதும். மணி தெரிந்தவுடன் மனம் கழித்தல் கணக்கைத் தொடங்குகிறது, கணக்கு அச்சத்தைத் தருகிறது, அச்சம் உடலை முறுக்கேற்றுகிறது. நீங்களே இதை மிகத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணி என்று தெரியாமல் இருப்பது முதல் சில இரவுகளில் தவிப்பாக இருக்கும். பிறகு அது பெரிய விடுதலையாக இருக்கும்.

இரண்டாவது, விழித்தபடி படுக்கையிலேயே போராட வேண்டாம். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972ஆம் ஆண்டு சொன்ன முறை இது. படுக்கை உறக்கத்துக்குரிய இடம் என்ற பிணைப்பு மூளையில் வலுவாக இருக்க வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் அங்கே விழித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், படுக்கை கவலைக்குரிய இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. எனவே ஏறத்தாழ 15 அல்லது 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால், மணி பார்க்காமலேயே உத்தேசமாகக் கணித்து, எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில், பரபரப்பில்லாத ஏதேனும் ஒன்றைச் செய்யுங்கள்: முன்பே படித்த புத்தகத்தின் சில பக்கங்கள், துணி மடிப்பது, மெல்லிய இசை. கண்கள் கனக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மீண்டும் விழிப்பு நீடித்தால் மீண்டும் எழ வேண்டும். ஒருவேளை முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ இருந்து, இருட்டில் எழுவது பாதுகாப்பில்லை என்றால், படுக்கையிலேயே சாய்ந்து அமர்ந்து இதைச் செய்யலாம். அதுவும் புரண்டு கிடப்பதைவிட மேல்.

அலுவலக வேலையைத் திறக்க வேண்டாம். கைப்பேசியில் செய்திகளும் வேண்டாம். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பலன் கிடைத்துவிட்டால், நாளையும் அதே நேரத்தில் எழுவதற்கு மூளைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்பதே என் அச்சம்.

மனம் படும் பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் தோன்றும் எண்ணங்களின் பேரில் எந்த முடிவையும் எடுக்காதீர்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. பாதி உறங்கிய மூளை, இருட்டு, பேச ஆளில்லாத தனிமை, எதையும் உடனே செய்து முடிக்க வழியில்லாத வேளை ஆகியவை சேர்ந்து எந்தச் சிக்கலையும் பெரிதாக்கிவிடும். அந்த எண்ணங்களோடு வாதாடாமல், காலை 10 மணிக்கு உன்னைப் பார்க்கிறேன் என்று ஒதுக்கி வையுங்கள். பின் உண்மையிலேயே 10 மணிக்கு அதை எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டாவது பாதி முக்கியம். ஒதுக்கி வைத்ததை நீங்கள் திரும்ப எடுப்பீர்கள் என்று மனத்துக்கு நம்பிக்கை வந்தால்தான் அது விட்டுக்கொடுக்கும். முன்மாலையில் கால் மணி நேரம் அமர்ந்து, மறுநாள் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைப்பதும் உதவும். 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவாக உறங்கினார்கள். அது முன்னிரவில் உறங்குவதைப் பற்றிய ஆய்வு என்றாலும், மனத்தின் சுமையை இறக்கி வைப்பது பின்னிரவுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறங்கியே ஆக வேண்டும் என்ற முயற்சியே உறக்கத்துக்குப் பகை. உறங்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடி ஓய்வாக இருப்பேன் என்று உண்மையாகவே விட்டுவிடும் இரவுகளில்தான் பலருக்கும் உறக்கம் தானாக வருகிறது. கால் விரல்களில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்திக்கொண்டு வருவதும், மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டுவதும் உடலைத் தளர்த்தும். ஆனால் அவற்றையும் உறங்குவதற்கான தேர்வாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.


ஆலமரம் எழுதியது:

அம்மா, நான் பொது மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றியவன். மேலே இருவரும் சொன்னவை சரியானவை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைகளுக்கு முன்பாக, முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்திருப்பது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான். இங்கே இருவரும் விவரித்தவை அதன் இரு முக்கியக் கூறுகள். எனினும் அவற்றைத் தொடங்கும் முன் சில கேள்விகளுக்கு நீங்கள் விடை காண வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களாவது இது நீடித்து, பகல் வாழ்க்கையையும் பாதித்தால் அதை நாள்பட்ட உறக்கமின்மை என்கிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த எல்லைக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு முறை நேரில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

நான் முதலில் கேட்பது மனநிலையைப் பற்றித்தான். வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்பாக விழிப்பது, விழித்தவுடன் மனம் மிகவும் கனத்திருந்து மாலைக்குள் ஓரளவு தெளிவது, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் போய்விடுவது, பசி குறைந்து எடை இறங்குவது, தன்னையே குறை சொல்லிக்கொள்வது ஆகியவை சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். அதிகாலை விழிப்பை இந்த நோயின் குறியாக மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். இப்படியிருந்தால் உறக்கத்தை மட்டும் சரிசெய்ய முயல்வது போதாது. இது மிக நன்றாகக் குணப்படுத்தக்கூடிய நோய் என்பதையும், வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட அன்றே நெருங்கிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதையும், உங்களுக்கு மட்டுமன்றி இதைப் படிக்கும் அனைவருக்கும் சொல்கிறேன்.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரவில் திடீரென உடல் சூடாகி வியர்த்து, அந்த வெம்மை தணிந்த பின் வெறும் விழிப்பு மட்டுமே நினைவில் நிற்பது பல பெண்களுக்கு நேர்கிறது. அதற்குத் தனி மருத்துவம் உண்டு. குறட்டை பலமாக இருந்தால் உறக்க மூச்சுத்தடையைச் சோதிக்க வேண்டும். கனவு உறக்கம் மிகுந்த பின்னிரவில் அந்தத் தடை பலருக்குக் கூடுகிறது. தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரவில் எதுக்களிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருப்பது ஆகியவையும் என் பட்டியலில் உண்டு. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும், சில மனச்சோர்வு மருந்துகளும் உறக்கத்தைக் கலைக்கக்கூடியவை. பல வேளைகளில் மருந்தை மாற்ற வேண்டியதுகூட இல்லை, உட்கொள்ளும் நேரத்தை மாற்றினாலே போதும். ஆனால் அதை மருத்துவரே செய்ய வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை வலிப்பு நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும், உறக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும் தாமாகவே தொடங்கக் கூடாது. மற்றவர்களுக்கும் முதல் இரு வாரங்களில் பகல் அயர்வு கூடும் என்பதால், அந்த நாள்களில் நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.


வெண்மேகம் எழுதியது:

இங்கே அனைவரும் அதிகாலை விழிப்பை ஒரு கோளாறாகவே பேசுவதால், மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் 70 வயதைக் கடந்தவன். பல ஆண்டுகளாகவே 4 மணிக்கு எழுகிறேன். அந்த அமைதியான நேரத்தில் படிக்கிறேன், எழுதுகிறேன். பகலில் எனக்கு எந்தக் களைப்பும் இல்லை. வயது ஏற ஏற உடல் கடிகாரம் முன்னோக்கி நகர்ந்து, உறக்கமும் விழிப்பும் சீக்கிரமே வருவது இயல்பு என்று படித்திருக்கிறேன். அதோடு, தாமஸ் வேர் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் சிலரை நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் இருக்கச் செய்தபோது, சில வாரங்களில் அவர்களின் உறக்கம் இரண்டு துண்டுகளாகப் பிரிந்து, இடையில் நெடிய அமைதியான விழிப்பு வந்தது. அப்படியிருக்க, நடு இரவில் விழிப்பதை ஏன் நோய் என்று அஞ்ச வேண்டும்? எழுந்து அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமே?


நெய்தல் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆலமரம் ஐயா கேட்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மனம் கனத்திருப்பது அந்த விடியல் நேரத்தில் மட்டுமே. பகலில் சிரிக்கவும் பேசவும் வேலை செய்யவும் முடிகிறது, பசியும் குறையவில்லை. இரவில் வியர்ப்பது மட்டும் சில நாள்களில் உண்டு. இதுவரை அதை உறக்கத்தோடு நான் தொடர்புபடுத்திப் பார்த்ததில்லை. மருத்துவரிடம் கட்டாயம் சொல்கிறேன்.

இன்னும் சில ஐயங்கள். 7 மணிக்கே கண்கள் சொருகும்போது 11.30 மணி வரை எப்படி விழித்திருப்பது? அப்படி ஆறரை மணி நேரப் படுக்கை மட்டும் என்றால் உடல் தாங்குமா? தெரிந்தவர் ஒருவர் உறக்கத்துக்காக மெலட்டோனின் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அது உதவுமா?


கார்முகில் எழுதியது:

முதலில் வெண்மேகம் ஐயாவுக்கு. உங்கள் நிலையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பகலில் களைப்பில்லை, அந்த நேரம் உங்களுக்கு இனிதாகவும் இருக்கிறது என்றால் அது உங்கள் உறக்கத்தின் இயல்பான முடிவு. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட ஆய்வில் 14 மணி நேர இருள் இருந்தது. அந்த விழிப்புக்குப் பிறகு இரண்டாவது உறக்கமும் இருந்தது. 6 மணிக்கு எழுந்து அலுவலகம் போக வேண்டிய ஒருவருக்கு அந்த இரண்டாவது உறக்கத்துக்கு இடமே இல்லை. சகோதரியின் துன்பம் பகலில் தெரிகிறது. அதனால்தான் அது மாற்றப்பட வேண்டியது.

சகோதரி, விழித்திருப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த துணை வெளிச்சம். மாலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதிகாலை வெளிச்சம் அதை முன்னுக்கு இழுக்கும். எனவே மாலை 7 மணிக்கு மேல் வீட்டின் விளக்குகளை எல்லாம் எரியவிடுங்கள், அப்போது நடக்கப் போங்கள், நின்றபடி செய்யும் வேலைகளை அந்த நேரத்துக்கு மாற்றி வையுங்கள், யாரிடமாவது பேசுங்கள். சாய்வு நாற்காலியிலும் மெத்தையிருக்கையிலும் 9 மணிக்கு மேல் அமர வேண்டாம். அங்கே தற்செயலாக உறங்கும் கால் மணி நேரம், பின்னிரவு உறக்கத்தில் ஒரு பங்கைப் பறித்துவிடும். படுக்கப் போகும் முன் கடைசி அரை மணி நேரம் மட்டும் வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். மறுபுறம், 3.30 மணிக்கு எழ நேர்ந்தால் தும்பை சொன்னபடி மங்கிய விளக்குதான். அந்த நேரத்தில் பளிச்சென்ற விளக்கைப் போடுவது, கடிகாரத்தை இன்னும் முன்னால் நகர்த்தி நாளைய விழிப்பையும் உறுதிப்படுத்தும். விடியல் வெளிச்சம் நேரே முகத்தில் விழும் அறை என்றால் கனத்த திரை போடுங்கள்.

பொதுவாக எல்லோரும் காலையில் வெயிலில் நில்லுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். அது தாமதமாக உறங்கித் தாமதமாக விழிப்பவர்களுக்கு மிகவும் பொருந்தும். சீக்கிரம் விழிப்பவர்களுக்கு மாலை வெளிச்சமே முதன்மையானது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் பலர் தங்களுக்கு ஒவ்வாத அறிவுரையை உண்மையோடு பின்பற்றிச் சோர்ந்துபோகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதே காரணத்தால்தான் மெலட்டோனினையும் நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். மாலையில் எடுக்கும் மெலட்டோனின் உடல் கடிகாரத்தை முன்னோக்கி இழுக்கும் தன்மையுடையது. உங்களுக்கோ அது பின்னோக்கி நகர வேண்டும். மேலும் அது உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. மற்ற உறக்க மாத்திரைகளைப் பற்றி ஆலமரம் ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஆறரை மணி நேரம் போதுமா என்று கேட்டீர்கள். இப்போதும் நீங்கள் உறங்குவது ஏறத்தாழ 6 மணி நேரம்தான். எனவே நாம் குறைப்பது பெரும்பாலும் விழித்துக் கிடக்கும் நேரத்தைத்தான். இது நிரந்தர ஏற்பாடும் அன்று. ஒரு வாரத்தில் படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் உறங்குகிறீர்கள் என்றால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டு வாருங்கள். 11.15, பிறகு 11 என்று, பகலில் தெளிவாக உணரும் அளவு வரை வாரம்தோறும் நீட்டிக்கொண்டு போகலாம். விழிப்பு மீண்டும் நீளத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். எந்த நிலையிலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டு போகக் கூடாது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2015ஆம் ஆண்டு கூறியது. நீங்கள் முன்பு நலமாக இருந்த காலத்திலும் 10.30 மணி முதல் 5.30 மணி வரை, அதே 7 மணி நேரம்தான் படுக்கையில் இருந்திருக்கிறீர்கள். 8 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

காபி, தேநீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பகலில் அயர்வு கூடும்போது அவற்றின் மீது நாட்டமும் கூடும். காஃபின் அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 4 மணிக்குக் குடித்ததில் கால் பங்கு அதிகாலை 2 மணிக்கும் உடலில் இருக்கும். நண்பகலோடு நிறுத்திவிடுவது நல்லது. மதிய உறக்கத்தையும் இந்தச் சில வாரங்களுக்கு விட்டுவிடுங்கள்; தாங்கவே முடியாத நாளில் 3 மணிக்கு முன், 20 நிமிடம் மட்டும்.


ஆலமரம் எழுதியது:

உறக்க மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. சில நாள் நெருக்கடிக்கு மருத்துவர் ஒருவர் அவற்றைத் தருவதில் தவறில்லை. ஆனால் நாளடைவில் அவற்றின் பலன் குறைந்து, விட முடியாத நிலை வருகிறது. வயதானவர்கள் இரவில் தடுமாறி விழுவதற்கும் அவை காரணமாகின்றன. பிறருக்கு எழுதித் தந்த மாத்திரையையோ, சளிக்கு வாங்கி வைத்த மாத்திரையையோ 3.30 மணிக்கு எடுத்து விழுங்கவே கூடாது. அதன் மயக்கம் காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் தொடரும். மது அருந்தினால் உறக்கம் வரும் என்று நம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது முன்னிரவில் மயக்கும், பின்னிரவில் கலைக்கும். அதிகாலை விழிப்போடு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

அம்மா, கார்முகில் சொன்ன நேர மாற்றத்தை இன்றே தொடங்க வேண்டாம். முதலில் இரண்டு வாரங்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எப்போது படுத்தீர்கள், உத்தேசமாக எப்போது உறங்கினீர்கள், எப்போது விழித்தீர்கள், எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள், வியர்வை இருந்ததா, பகலில் அயர்வு எப்படி என்று காலையில் எழுந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் போதும்; துல்லியத்துக்காக இரவில் மணி பார்க்காதீர்கள். நாம் உறங்கியதைவிடக் குறைவாக உறங்கியதாக எண்ணுவது உறக்கமின்மையில் மிகவும் இயல்பு என்பதால், அந்தக் குறிப்பேடு வெளிப்படுத்தும் சராசரி நீங்கள் நினைப்பதிலிருந்து மாறுபடலாம்; படுக்கும் நேரத்தை அந்தச் சராசரியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள். தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். வியர்வைக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அதை முதலில் தொடங்கிவிட்டு, பிறகு நேர மாற்றத்துக்குப் போவது நல்லது. தொடங்கிய பின் ஆறு வாரங்கள் அளவில் முன்னேற்றம் எதுவும் தெரியாவிட்டால், உறக்க நோய்களுக்கான சிறப்பு மருத்துவரையோ, இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ பார்க்க வேண்டியிருக்கும்.